பனி உருகாத சிம்னி

அத்தியாயம் 7

விஷம் வைத்தவள் என்று ஒரு பெண்ணைப் பிடித்து, அவளை வீட்டின் சாப்பாட்டுச் சாமான் அறையிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். இந்த அபார யோசனை யாருடையது என்று கேட்டேன். கிரெய்க்டூ வீட்டில் ஒழுங்காகப் பூட்டுகிற கதவுகள் இரண்டே இரண்டுதானாம். இன்னொன்று வீட்டுக்காரரின் படுக்கையறைக் கதவு.

பார்க்கப்போனால் நாங்களும் கைதிகள்தான். வருஷத்தின் கடைசி நாள் காலையில் வந்து இறங்கினோம். அன்று மாலை பிடித்த பனி விடியும்வரை விடவில்லை. சாலை இருந்த இடம் தெரியவில்லை. டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. சமையலறைக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. டன்டீ நகரத்தில் கூட்டாளிகளோடு விஸ்கி ஊற்றிப் புது வருஷத்தை வரவேற்றிருக்க வேண்டியவன், நாலு பக்கமும் மலை நிற்கிற இந்தக் கல் வீட்டில் காலுறைக்கு மேல் காலுறை மாட்டிக்கொண்டு பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன்.

என்னை இங்கே இழுத்து வந்தவர் இஸ்பெல் டல்லக். துப்பறிவாளர். ஐம்பது வயது, கனத்த சரீரம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் வாட்டி பர்விஸ், அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, பெட்டி தூக்குவது, அவர் பேசாத நேரத்தில் அவருக்கும் சேர்த்துப் பேசுவது என் வேலை.

எங்களை வரவழைத்தவர் வீட்டுக்காரக் கிழவர் ஃபார்கர் மென்டீத். ஒரு மாதமாக அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை வெடிக்கிற வலி, வாந்தி, மயக்கம். காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை என்று படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, இது நடிப்பில்லை, நிஜமாகவே உடம்புக்கு ஏதோ ஆகிறது, என்னவென்றுதான் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார். நேற்று இரவு நாங்கள் வீட்டில் இருக்கும்போதே சூப் குடித்துவிட்டுப் படுத்தவர், சற்று நேரத்தில் வாந்தியெடுத்து நினைவு தப்பினார். தெளிந்ததும் சமையல்காரி டீனியை நோக்கி விரலை நீட்டினார்.

கம்பி அறுவதற்கு முன்பே பெர்த் நகரப் போலீசுக்கும் சொல்லியாயிற்று. பனி வாரும் வண்டிக்குப் பின்னாலேயே சார்ஜென்ட் வருவதாகப் பதில். அந்த வண்டி இப்போது பள்ளத்தாக்கின் அடியில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. அது மேலே ஏறி வந்துவிட்டால் டீனி சிறைக்குப் போவாள். எங்களுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

சாமான் அறைக் கதவில் காற்றுக்காக ஒரு கம்பி வலை அடித்திருந்தார்கள். டல்லக் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன் உட்கார்ந்தார். உள்ளே மாவு மூட்டையின் மேல் டீனி அழுதுகொண்டிருந்தாள்.

"டீனி, போதும். அழறதுக்கு இப்ப நேரமில்ல. சூப்புல என்ன போட்ட?"

"பார்லி, டர்னிப், ஆட்டெலும்பு. வேற என்னம்மா போடுவாங்க? உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். விஷம்னு சொன்னா எப்படிம்மா? முப்பது வருஷமா அந்த மனுஷன் இந்தக் கையாலதானே சாப்பிடறாரு!"

"சூப்புல ஒண்ணும் இல்ல மேடம்," என்றேன். "கிழவர் மிச்சம் வச்ச கிண்ணத்தை நான்தான் காலி பண்ணேன். எனக்கு வந்த ஒரே கோளாறு, இன்னொரு கிண்ணம் கிடைக்கலியேங்கறதுதான்."

டல்லக் திரும்பி என்னை முறைத்தார். "ஆதாரத்தைத் தின்னுட்டியா?"

"பரிசோதனை பண்ணேன்னு மரியாதையாச் சொல்லலாம்."

"பால்லயும் இல்ல, மருந்துலயும் இல்ல, நானே பார்த்துட்டேன். சாப்பிடறதுல இல்லன்னா வேற எது வழியா ஒரு மனுஷனுக்குள்ள விஷம் போகும்?"

"காது வழியா. அவரோட அக்கா மகன் லாக்லன் பேசறதைக் கேட்டா எனக்கே தலை வலிக்குது."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் டீனி மூக்கை உறிஞ்சினாள். "தலைவலின்னா, முதல்ல லாக்லன் தம்பிக்குத்தாம்மா வந்துச்சு. இலை உதிர்ற காலம் பூரா அவரோட படிப்பறைக் கணப்பு ஒரே புகை. ராத்திரி அங்க உட்கார்ந்துட்டு, காலையில தலையைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு. சிம்னி துடைக்கற ஆளைக் கூப்பிடுங்கன்னு நான் கத்தாத நாள் இல்ல. யாரு கேட்டா? அப்புறம் குளிர் இறுகினப்போ அதுவா சரியாயிடுச்சு."

டல்லக்கின் முதுகு நிமிர்ந்தது. "அதுவாவா?"

"ஆமாம்மா. புகையும் நின்னுச்சு, தம்பியோட தலைவலியும் நின்னுச்சு."

"உனக்குத் தெரியாம ஆள் வந்து துடைச்சிட்டுப் போயிருந்தா?"

"எனக்குத் தெரியாமலா? தரையெல்லாம் துணி விரிக்கறது யாரு? அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து கரி தேய்க்கறது யாரு?"

டல்லக் எழுந்தார். "உடம்பு தானாச் சரியாகும் வாட்டி. கணப்பு தானாச் சரியாகாது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அவ்வளவு நல்ல புத்தி கிடையாது. வா."

லாக்லனின் படிப்பறை கிழவரின் படுக்கையறைக்கு நேர் கீழே இருந்தது. கிழவரின் அக்கா மகன் இந்த லாக்லன். முப்பது வயது, ஒல்லி உடம்பு, சிவந்த மூக்கு. கையில் கிளாசோடு கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தான். கணப்பில் கோக் கரி செக்கச்செவேலென்று கனன்றது. கோக்கில் புகை இருக்காது.

"வாங்க, வாங்க. வீட்டுலயே சூடான எடம் இதுதான். புது வருஷ வாழ்த்துக்கள்," என்றான். "மாமா இந்த வருஷத்தைத் தாண்டினா அவருக்கும் சொல்லிடுங்க."

டல்லக் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கனத்த உடம்போடு கணப்பின் முன் மண்டியிட்டார். நானும் குனிந்தேன். மேலே சுவரில் கறுப்பாகப் புகை ஏறிய தடம் இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்ததால் பழைய தடம் என்று தெரிந்தது. பக்கவாட்டுச் செங்கற்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பின்சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. சாம்பலின் ஓரத்தில் மெல்லிய சுள்ளிகள் சிதறிக்கிடந்தன, ஒன்றில் ஆட்டு ரோமம் சுற்றியிருந்தது.

"இதென்ன?"

"மேலேர்ந்து அப்பப்ப விழும். காக்கா கூடு கட்டியிருக்கு போல. வசந்த காலத்துல சிம்னிக்குள்ள ஒரே சண்டை."

"கூடு அடைச்சிருக்கு. கல்லு வெடிச்சிருக்கு. உப்புப் பூத்திருக்கு. சுவரெல்லாம் புகை. ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுன்னு இந்தக் கணப்பு உங்க காலைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கு லாக்லன்."

"நான் கூப்பிடறேன்னுதான் சொன்னேன். மாமாதான் கூடவே கூடாதுன்னுட்டாரு. புகை வந்தா நிலக்கரியை விட்டுட்டு கோக் போடுன்னாரு. போட்டேன். புகை போச்சு, தலைவலி போகல. டிசம்பர் பொறந்ததும் அதுவும் போச்சு. இப்ப பாருங்க எப்படி இழுக்குதுன்னு!"

ஒரு காகிதத் துண்டைப் பற்றவைத்துக் கணப்பின் வாயில் பிடித்தான். சுடர் மேல்நோக்கிச் சாய்ந்தது, காகிதம் அவன் விரலைவிட்டுப் பறந்து உள்ளே போய்விட்டது.

"உங்க மாமாவுக்குத் தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் டல்லக்.

லாக்லனின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அதே டிசம்பர்லதான்."

"அப்ப தலைவலி மாடி ஏறிப் போயிருக்கு," என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. டல்லக் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மாமாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீடு உங்களுக்குத்தானே?"

"வீடு மாமியோடது. அவங்க போனப்புறம் மாமாவுக்கு, அப்புறம் எனக்கு. வந்து என்ன பிரயோஜனம்? ஒரு ஹோட்டல்காரர் வருஷக்கணக்கா இந்த வீட்டைக் கேட்டுக்கிட்டே இருக்காரு, விக்க முடியல. டீனி உயிரோட இருக்கற வரைக்கும் வீடு கை மாறக்கூடாது, அவளா ஏதாவது குற்றம் பண்ணி வெளிய போனா ஒழியன்னு மாமி உயில்ல எழுதிவச்சுட்டுப் போயிட்டாங்க. ஊருக்கே தெரியும்." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஐயய்யோ, அப்படிப் பார்க்காதீங்க!"

நான் அப்படித்தான் பார்த்தேன். மனசுக்குள் அவன் கையில் விலங்கு மாட்டிவிட்டேன். டல்லக் சாமான் அறைச் சாவியை அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த உத்தரவு எனக்கு. முற்றத்துக்குப் போய் சிம்னியைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கதவு திறக்காததால் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றி என்னை வெளியே தள்ளினார்கள். இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்தேன்.

"என்ன தெரியுது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் சாவு தெரியுது."

"சிம்னியைப் பாருடா!"

பார்த்தேன். கூரையின் அந்தப் பக்கத்தில் இரண்டு குழாய்கள் ஒட்டி நின்றன. "ஒண்ணு மேல கல்பலகை வச்சு மூடியிருக்கு மேடம். அது கிழவர் அறையோடதா இருக்கும், அங்கதான் கணப்பு எரியறதில்லியே, மின்சார ஹீட்டர்தானே. இன்னொண்ணு படிப்பறையோடது. அது மேல பனி தொப்பி மாதிரி..."

அந்தக் குழாயின் அடியில் காலையிலிருந்து நெருப்பு எரிகிறது. அதன் உச்சியில் பனி கொஞ்சம்கூட உருகாமல் உட்கார்ந்திருந்தது.

"அப்ப சூடெல்லாம் எங்க போகுது?" என்றார் டல்லக்.

நான் கழுத்தை வளைத்து இன்னொரு தடவை மேலே பார்த்தேன்.

"வேற என்ன தெரியுது?"

"வேற என்ன? மாடி ஜன்னல் விளிம்புல எல்லாம் பனி முழ உயரம் நிக்குது. கிழவர் ஜன்னல்ல மட்டும் நடுவுல அமுங்கியிருக்கு, பூனை படுத்து எந்திரிச்ச மாதிரி. போதுமா? எனக்குக் கால் இருக்கான்னே தெரியல."

"இந்த வீட்டுல பூனை ஏது?" என்றார் டல்லக். நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உள்ளே ஏறினேன்.

கிழவரின் அறைக்குப் போனோம். மூன்று கம்பளிகளுக்குள்ளிருந்து ஒரு மூக்கும் இரண்டு கண்களும் எங்களை வரவேற்றன.

"கதவைச் சாத்துங்க! குளிர் அள்ளிக்கிட்டு வருது. அந்தப் பொம்பளை ஒத்துக்கிட்டாளா?"

"இன்னும் இல்லைங்க," என்றார் டல்லக்.

"நீங்க துப்பறிய வந்தீங்களா, விருந்தாட வந்தீங்களா? நான் செத்தப்புறம் ஒத்துக்குவா போல."

அந்த அறைக் கணப்பின் வாயில் செய்தித்தாளை மடித்துச் செய்த ஒரு பெரிய விசிறி வைத்திருந்தது. எரியாத கணப்புக்கு எல்லா வீட்டிலும் வைப்பதுதான். நேற்று வருஷக் கடைசி என்பதால் டீனி வழக்கப்படி வீட்டில் உள்ள கணப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பெருக்கித் துடைத்துப் பழைய வருஷத்துச் சாம்பலை வெளியே கொட்டினாள். எரியாத கணப்பானாலும் விடவில்லை. இந்த விசிறியை அவள் நேற்றைய பேப்பரில் மடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

டல்லக்கின் கையுறை நழுவி விசிறிக்குப் பின்னால் விழுந்தது. அவர் கையிலிருந்து எதுவும் சும்மா நழுவியதில்லை. நான் குனிந்தேன்.

விசிறியின் முன்பக்கம் வெள்ளையாக இருந்தது. பின்பக்கம் முழுக்கக் கரித்தூள். ஒரே நாளில் படிந்த கரி! என் கன்னத்தில் உலர்ந்த வெப்பக் காற்று பட்டது. அதில் வாசனை எதுவும் இல்லை. வருஷக்கணக்காக நெருப்பையே பார்க்காத கணப்பு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு மேலே துழாவினேன். பக்கச் சுவரில் செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் கை உள்ளே போய்விட்டது. பொந்தின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன.

"அங்க என்னடா துழாவற?" என்று கத்தினார் கிழவர்.

"கையுறை ஐயா, கையுறை."

நடைக்கு வந்ததும் நான் டல்லக்கின் காதில் பொரிந்து தள்ளினேன். "புரிஞ்சுபோச்சு மேடம்! படிப்பறைக் குழாயைக் கூடு அடைச்சிருக்கு. அதனாலதான் முதல்ல புகை, தலைவலி எல்லாம். லாக்லன் என்ன பண்ணான், ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்கற சுவர்ல பொந்து போட்டுட்டான். இப்ப கோக் எரியற விஷக் காத்து பொந்து வழியா கிழவர் பக்கம் வருது. அந்தக் குழாயோட உச்சியிலயும் கல்பலகை. வேற வழியில்லாம அறைக்குள்ள எறங்குது. புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. கிழவர் போய்ச் சேருவாரு, பழி டீனி மேல விழும். வீடு கைக்கு வந்துடும், விக்கவும் தடை இல்ல!"

"அழகாச் சொன்ன. பொந்து தானா விழுந்ததா இருந்தா?"

"தானா விழுந்திருந்தா கல்லு கீழயே கிடக்கணும். ஒரு துண்டுகூட இல்ல. யாரோ எடுத்திருக்காங்க."

"எங்க?"

நான் விரலில் ஒட்டியிருந்த கரியைக் கால்சட்டையில் துடைத்தேன்.

"பரவாயில்ல. போய் படிப்பறை நெருப்புல ரெண்டு வாளி கோக் கொட்டு. லாக்லனைக் கூட்டிக்கிட்டு இந்த அறைக்கு வா. வந்ததும், நெருப்பு நல்லா எரியுதுன்னு சத்தமாச் சொல்லு."

"நாமளும் உள்ளயா மேடம்?"

"நாமளும்தான்."

"நமக்கும் நுரையீரல் இருக்கு."

"உனக்கு வாய் மட்டும்தான் இருக்கு. போ."

நான் சொன்னதைச் செய்தேன். அவர் சாமான் அறைப் பக்கம் எதற்கோ இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். நாலு பேரும் கிழவரின் அறையில் சேர்ந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு நாற்காலியை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் நகர்த்துவதற்கு மாடு கட்டித்தான் இழுக்கவேண்டும்.

"சார்ஜென்ட் வர்ற வரைக்கும் யாரும் வெளிய போகப் போறதில்ல. எல்லாரும் ஐயாவுக்குத் துணை."

"கீழ நெருப்பு ஜம்முனு எரியுது," என்றேன் உரக்க. "இப்பத்தான் ரெண்டு வாளி கோக் கொட்டிட்டு வந்தேன்."

தூரத்தில் பனி வாரும் வண்டியின் உறுமல் கேட்டது. நான் காகித விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவு, மூடிய ஜன்னல், அதற்கு வெளியே மலை மலையாகப் பனி. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு உயிர்ப் பயம் வந்துவிட்டது. நெற்றிப் பொட்டில் சுரீரென்று ஒரு வலி ஆரம்பித்தது.

முதலில் எழுந்தவன் லாக்லன். கதவுக்குப் போய்ப் பிடியைத் திருகிப் பார்த்தான். நான் டல்லக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

"என்ன அவசரம்?" என்றார் டல்லக்.

"கிளாஸைக் கீழயே வச்சுட்டேன்."

"அப்புறம் குடிக்கலாம். உட்காருங்க."

அவன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான். காலை நீட்டினான். கொட்டாவி விட்டான். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான்.

எனக்குக் குழம்பியது. விஷக் காற்றை அனுப்புகிறவன் அந்தக் காற்றுக்குள் உட்கார்ந்து குறட்டை விடுவானா?

கட்டில் கிறீச்சிட்டது. கிழவர் கம்பளியை மூக்குவரை இழுத்துப் பிடித்திருந்தார். அவர் கண்ணும் விசிறியின் மேல்தான் இருந்தது.

"மிஸ் டல்லக், காத்தே இல்ல."

"குளிர் ஆகாதுன்னு சொன்னீங்களே?"

"ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி விடுங்க."

"அது எப்படித் தூக்கறது? இந்த வீட்டு ஜன்னலெல்லாம் குளிர்ல இறுகிக் கிடக்கு. வாட்டியை வெளிய அனுப்பக் கண்ணாடியையே கழட்ட வேண்டியதாப் போச்சு."

"இது திறக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாசமா நீங்க கால் ஊன்றதில்லியே?"

கிழவர் கம்பளியைக் கழுத்துவரை இறக்கினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டார். "திறந்துடுங்க," என்றார் மறுபடியும். டல்லக் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நிதானமாகக் காகிதத்தைப் பிரித்தார்.

"திறடி ஜன்னலை!"

கம்பளிகள் பறந்தன. கால் ஊன்ற முடியாத மனுஷன் இரண்டே எட்டில் அறையைத் தாண்டி ஜன்னலுக்குப் பாய்ந்தார். கம்பளிகளோடு சேர்ந்து, ஃபிளானல் துணியில் சுற்றிய ஏதோ கட்டிலிலிருந்து உருண்டு தடால் தடால் என்று தரையில் விழுந்தது. டல்லக் மெல்ல விலகிக்கொண்டார். கிழவர் ஒரு கையால் ஜன்னலைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. சட்டத்தின் ஓரத்தில் தேய்த்திருந்த மெழுகு பளபளத்தது. அவர் தலையை வெளியே நீட்டி, விளிம்புப் பனியில் இருந்த பள்ளத்தில் இரண்டு முழங்கையையும் கச்சிதமாக ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"பூனையைக் கண்டுபிடிச்சாச்சு," என்றார் டல்லக்.

"மேடம், முதல்ல கதவைத் திறங்க! எல்லாரும் சாகப்போறோம்!"

"எதனால?" என்று கேட்டபடி அவர் கதவைத் திறந்தார். வெளியே டீனி நின்றுகொண்டிருந்தாள், கையில் காலி வாளி.

"நீங்க சொன்ன மாதிரியே, இந்தத் தம்பி அந்தப் பக்கம் நகர்ந்ததும் படிப்பறை நெருப்பு மேல பனியை அள்ளிக் கொட்டிட்டேன்மா. ஒரு பொறிகூட இல்ல."

எனக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. "அப்ப என் தலைவலி?"

"அது உன்னோட சொந்தத் தயாரிப்பு," என்றார் டல்லக். "நெருப்பே இல்லாத வீட்டுல, பூட்டின அறையில உட்கார்ந்து ரெண்டு பேர் பயந்தாங்க. நீ பயந்த, ஏன்னா உனக்குப் பொந்து இருக்கறது தெரியும். லாக்லனுக்குத் தெரியாது, தூங்கிட்டாரு. ஐயா ஏன் பயந்தாரு?"

லாக்லன் விழித்துக்கொண்டு திருதிருவென்று பார்த்தான். டல்லக் குனிந்து ஃபிளானல் துணியைப் பிரித்தார். உள்ளே இரண்டு செங்கற்கள். ஒரு முகம் கன்னங்கரேல், மற்ற முகங்களில் புதுசாக உளி பட்ட சிவப்பு.

"நாள் முழுக்க இந்த அறையில தனியா இருந்தவரு ஒருத்தர்தான் வாட்டி. சிம்னி ஆளை வரவிடாமப் பண்ணவரும் அவருதான். டீனியோட சூப்பைக் குடிக்க வேண்டியது. கீழ நெருப்பு எரியறப்போ வாந்தி வர்ற வரைக்கும் அந்தக் காத்தைச் சுவாசிக்க வேண்டியது. தாங்காதப்போ ஜன்னலுக்கு ஓட வேண்டியது. டாக்டருக்கு நிஜ நோயாளி, போலீசுக்கு ஒரு குற்றவாளி, ஹோட்டல்காரருக்கு ஒரு வீடு. கல்லு ரெண்டும் இந்தக் கணப்புக்குள்ளயேதான் இத்தனை நாளும் இருந்திருக்கும். நேத்து டீனி துடைப்பத்தோட வந்துட்டா. வருஷக் கடைசியில கணப்பைப் பெருக்காதேன்னு யாரால சொல்ல முடியும்? வேற வழியில்லாம கட்டிலுக்குள்ள ஒளிச்சு வச்சாரு."

கிழவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். வண்டியின் உறுமல் வாசலை நெருங்கிவிட்டது. அவர் தள்ளாடிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, எங்களையெல்லாம் விட்டுவிட்டு டீனியைப் பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"டீனி, நீ நல்லவ. எனக்குத் தெரியும். அந்த ரெண்டு கல்லையும் பின்பக்கமா எடுத்துட்டுப் போய் ஓடையில போட்டுடும்மா. உளி பட்ட கல்லு இல்லன்னா, பொந்து தானா விழுந்தது, விழுந்த கல்லை நீ நேத்துப் பெருக்கிக் கொட்டிட்டன்னு ஆயிடும். நீ சாகற வரைக்கும் இங்கயே இருக்கலாம். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க."

டீனி குனிந்து கற்களை எடுத்து ஏப்ரனில் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் அவர் சொன்னதைச் செய்து பழகிய உடம்பு அது. இவள் செய்துவிடுவாள் என்று எனக்குப் பயமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

"இன்னைக்கு வருஷப் பிறப்புய்யா," என்றாள் டீனி. "வருஷப் பிறப்பன்னிக்கு ஒரு கரண்டி சாம்பலைக்கூட வீட்டை விட்டு வெளிய போடக்கூடாது, போட்டா வீட்டோட அதிர்ஷ்டமும் கூடவே போயிடும்னு எஜமானியம்மா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவங்க இருந்த வரைக்கும் நான் மீறினதில்ல. இப்பவும் மீறமாட்டேன்."

கற்களைக் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில், மருந்துப் பாட்டிலைத் தள்ளிவிட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தாள்.

கீழே முன்கதவை யாரோ தட்டினார்கள். லாக்லன் எழப் போனான். டீனி அவனைக் கையமர்த்திவிட்டு, ஏப்ரனில் கரியைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறக்கத் தானே இறங்கிப் போனாள்.